சாலையே பணியிடம்: ஓட்டுநர் பாதுகாப்பில் பயிற்சியும் குடும்பமும்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையிலும், வேலூர்–திருவண்ணாமலை நெடுஞ்சாலையிலும் நாள்தோறும் பேருந்து, லாரி, வேன் ஓட்டுவோருக்குச் சாலையே பணியிடம். 2022 ஏப்ரல் 2 அன்று, ஜவ்வாது மலையில் திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில், கோயிலுக்குச் சென்றவர்களின் வாகனம் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் உயிரிழந்தனர். மலைச்சாலையில் ஒரு வாகனம் நிலைதடுமாறினால் எத்தனை குடும்பங்கள் கலங்கும் என்பதை இப்பகுதி மக்கள் அறிவர்.

அறிவது வேறு, பழகுவது வேறு

வண்டி ஓட்டும்போது கைபேசியில் பேசக் கூடாது என்பதை அறியாத ஓட்டுநர் இல்லை. ஆயினும் முதலாளி அழைத்தால் கை தானாகவே கைபேசியை நாடுகிறது. விதியை மீறியும் விபத்து நேராத ஒவ்வொரு முறையும், "நமக்கு ஒன்றும் ஆகாது" என்ற எண்ணம் மனத்தில் வலுப்பெறுகிறது. எனவே, விதிகளை எடுத்துரைப்பது மட்டும் பயிற்சி ஆகாது.

சுவீடனில் டெலிவெர்கெட் என்னும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஓட்டுநர்களிடையே நடந்து, 1996இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஓட்டுநர் பயிற்சி, குழு உரையாடல், விழிப்புணர்வுப் பிரசாரம், ஊக்கத்தொகை ஆகிய நான்கு வழிகள் அதில் ஒப்பிடப்பட்டன. ஓட்டுநர்கள் சிறு குழுக்களாகக் கூடித் தம் இடர்களைப் பேசி, தாம் மாற்றிக்கொள்ள வேண்டியதைத் தாமே முடிவு செய்த முறை சிறந்த பலன் தந்தது. பிறர் சொல்லிக் கேட்பதைவிடத் தாமே எடுத்த முடிவு நிலைக்கிறது.

மலைப்பாதைக்குரிய பழக்கங்கள்

இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். ஆகவே, இறங்கத் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு மாற வேண்டும். குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றக் கூடாது.

உறக்கமும் ஓய்வும்

பின்னிரவு 2 மணி முதல் விடியற்காலை 6 மணி வரையிலும், பிற்பகலிலும் உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடும். அடிக்கடி கொட்டாவி வருவதும், கடந்து வந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லாமற்போவதும் எச்சரிக்கை அறிகுறிகள். பாட்டு கேட்பதோ முகம் கழுவுவதோ உறக்கத்தை விரட்டாது. பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, 15 முதல் 20 நிமிடம் கண்ணயர்வதே தக்கது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் எனப் பொதுவான வேலை வரம்பை வகுத்திருந்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் பணி நீளாமல் அரை மணி நேர ஓய்வும் தர வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. ஓய்வு கேட்பது சோம்பல் அன்று, உரிமை.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

சிகிச்சைக்கு வரும்போது, "நான் ஓட்டுநர்" என்று முதலிலேயே சொல்லுங்கள். சளி, ஒவ்வாமைக்கான சில மாத்திரைகள் மயக்கம் தரும். இன்சுலினும் சில நீரிழிவு மாத்திரைகளும், உணவு தவறினால் இரத்தச் சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடும். நடுக்கம், வியர்வை, குழப்பம் தோன்றினால் உடனே வண்டியை நிறுத்திச் சர்க்கரை உட்கொள்ள வேண்டும். பலத்த குறட்டையும் பகலில் தாளாத உறக்கமும் இருந்தால், உறக்கத்தின்போது மூச்சுத் தடைபடுகிறதா எனப் பரிசோதிக்க வேண்டும். எந்த மருந்தையும் தாமாக நிறுத்த வேண்டாம்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

• ஓட்டுநர் பணியில் இருக்கும்போது அழைக்காதீர்கள். வண்டியை நிறுத்திய பின் அவரே அழைக்கட்டும்.
• இரவுப் பணி முடித்து வந்தவர் பகலில் உறங்க, இருட்டும் அமைதியும் உள்ள இடம் ஒதுக்குங்கள்.
• "சீக்கிரம் வந்துவிடு" என்பதற்குப் பதிலாக, "நிதானமாக வா" என்று சொல்லி அனுப்புங்கள்.
• இருக்கைப் பட்டையும் தலைக்கவசமும் அணிவதை வீட்டு வழக்கமாக்குங்கள்.

விபத்து நேர்ந்தால்

உடனே 108ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட "இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48" திட்டத்தின்கீழ், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை வரையறுக்கப்பட்ட தொகைக்குள் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. பெயரைத் தெரிவிக்குமாறு அவர்களைக் கட்டாயப்படுத்த இயலாது. எனவே, தயங்காமல் உதவுங்கள்.