அயலூரில் வீடு வாங்குதல்

பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்த தமிழன், முதலில் வாடகைக்கு ஓர் அறை தேடுகிறான். குடும்பம் வந்த பின் வேலைக்கு அருகே ஒரு வீடு தேடுகிறான். தலை நரைக்கத் தொடங்கும்போதுதான் தனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்னும் எண்ணம் அவனுக்கு எழுகிறது. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, இந்த எண்ணத்தோடு ரயில் பாதையைப் பின்பற்றி நகர்ந்து, தாணேயிலும் டோம்பிவிலியிலும் குடியேறியிருக்கின்றன. 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து புறப்பட்ட நம் நாட்டின் முதல் பயணி ரயில் வந்து நின்ற ஊரும் தாணேதான் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

நானும் அவ்வழியே செல்ல நினைப்பவன். மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறேன். குடியிருப்பது அரசாங்கக் குடியிருப்பில். ஓய்வு பெற்ற சில மாதங்களுக்குள் அதைக் காலி செய்து தர வேண்டும். சேமநிதியில் சேர்ந்த பணத்தை ஒருமுறைதான் செலவிட இயலும். ஆகவே, இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் தாணேயில் வீடு பார்த்து வருகிறேன். 'வீட்டைக் கட்டிப் பார்' என்று சொல்லி வைத்த முன்னோர், பிறர் கட்டிய வீட்டை வாங்கிப் பார் என்று ஏன் சொல்லாமல் விட்டார்களோ தெரியவில்லை.

முதலில் கூரை. நம்மூர்க் கண்ணோடு இங்குள்ள கூரையைப் பார்த்தால் ஏமாந்து போவோம். சென்னையின் பழைய மாடிவீடுகளில் தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கித் தட்டோடு பதிப்பார்கள். அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். இரண்டு நாள் பெய்தால் மூன்றாம் நாள் வெயில் வந்து தளத்தை உலர்த்திவிடும். தாணேயிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதங்களில் 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. இம்மழையில் தளம் வாரக்கணக்கில் உலர்வதே இல்லை. நீர் புகுவது மட்டும் அன்று, புகுந்த நீர் வெளியேறாமல் இருப்பதே இவ்வூர்க் கூரையின் நோய்.

இதற்காக இங்குள்ளோர் மொட்டை மாடியில் 'கோபா' என்னும் தளம் போடுகிறார்கள். உடைந்த செங்கற்களைச் சிமெண்டுக் கலவையில் பதித்து, நீர் ஓடும்படி சரிவு கொடுத்து, மேலே வழவழப்பாகப் பூசிவிடுவது அம்முறை. நன்றாகச் செய்தால் நெடுநாள் நிற்கும். ஆனால் வெயிலிலும் மழையிலும் மாறி மாறிக் கிடந்து ஒரு நாள் அது வெடிக்கும். வெடிப்பின் வழியே இறங்கிய நீரைச் செங்கல் துண்டுகள் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் கீழே சொட்டவிடும். அப்போது பழைய கோபாவைப் பெயர்த்தெடுத்து விட்டுப் புதிதாகப் போட வேண்டும். செலவுக்கு அஞ்சிப் பலர் பழையதன் மேலேயே இன்னொன்று போட்டுவிடுகிறார்கள். கூரைக்கு அது வீண் சுமை. இதைக் கண்டுபிடிக்கும் வழியை எனக்குக் கற்றுத் தந்தவர் தாராவியில் வாழும் திருநெல்வேலிக் கொத்தனார் ஒருவர். அவரோடு ஒரு கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஏறினேன். அவர் வானத்தையும் பார்க்கவில்லை, தரையையும் பார்க்கவில்லை, வாசற்படியைப் பார்த்தார். "தம்பி, படி எங்கே போச்சு?" என்றார். மாடிக் கதவின் நிலைப்படி தளத்துக்குள் புதைந்து கிடந்தது. கைப்பிடிச் சுவரோ முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது. "ரெண்டு தடவை போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அந்த வீட்டை அன்றே விட்டேன்.

பல சங்கங்கள் இத்தொல்லைக்கு அஞ்சி, மாநகராட்சியின் இசைவு பெற்று, மொட்டை மாடி முழுவதற்கும் இரும்புத் தூண் நட்டுத் தகரக் கூரை வேய்ந்துவிடுகின்றன. பார்க்க அழகில்லை; காற்றடித்தால் இரைச்சல். ஆயினும் மேல்மாடியில் வாழ்பவருக்கு அது குடை. இசைவு பெற்ற கடிதம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மேல்மாடி வீடு சற்று மலிவாகக் கிடைக்கும். அதன் காரணமும் இப்போது விளங்கியிருக்கும். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கு மகாராஷ்டிர அரசு வகுத்த மாதிரித் துணைவிதிகளின்படி, மொட்டை மாடியிலிருந்து இறங்கும் கசிவைச் செப்பனிடும் செலவு சங்கத்துடையது. குளியலறை, சமையலறைத் தொட்டி ஆகியவற்றின் கசிவு அந்தந்த வீட்டுக்காரருடையது. விதி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழ்மாடியில் உள்ளவர்கள் தங்களுக்கு ஒழுகாத கூரைக்குப் பணம் தர மனம் இசைவது அரிது. (தமிழில் நன்றாக ஒழுகுபவனைப் போற்றுகிறோம், கூரை ஒழுகினால் மட்டும் பொறுப்பதில்லை. மொழிபெயர்ப்பாளனுக்கு இப்படி எதையாவது நினைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு.)

கசிவினால் கெடுவது சுண்ணாம்புப் பூச்சு மட்டுமானால் கவலையில்லை. காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிப்பதுதான் பெருந்தீங்கு. துரு, இரும்பைவிடப் பலமடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அவ்வழுத்தத்தால் மேற்பூச்சு பிளந்து உதிரும். கழிமுகத்தின் உப்புக் காற்று இதை விரைவுபடுத்தும். தூணிலோ உத்தரத்திலோ கம்பி போகும் திசையிலேயே நீண்ட வெடிப்பு இருந்தால் அது துருவின் அடையாளம். நாணயத்தால் கூரையைத் தட்டிப் பார்த்தால், உள்ளே விடுபட்ட இடம் வெற்றொலி எழுப்பும். பொறியாளர் இதனினும் நுட்பமாகப் பார்ப்பார். பினாப்தலீன் நீரைத் தெளித்தால் நல்ல காங்கிரீட்டு இளஞ்சிவப்பாகும். காரத்தன்மை இழந்து கம்பியைக் காக்க இயலாத நிலைக்கு வந்தது நிறம் மாறாது.

வயதைப் பற்றி இனிப் பேசலாம். கம்பியிட்ட காங்கிரீட்டுக்குரிய இந்தியத் தரவிதி 1978-இல் எம்-15 என்னும் கலவையைப் போதுமென்றது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் குறைந்தது எம்-20 வேண்டும் என்றது. ஆகவே 2000-க்கு முந்திய கட்டடத்தைச் சற்று ஐயத்தோடு அணுகுவதில் தவறில்லை. துணைவிதிகள் 15 முதல் 30 வயதுள்ள கட்டடத்துக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறையும், 30 வயது கடந்ததற்கு மூன்றாண்டுக்கு ஒருமுறையும் கட்டுமானத் தணிக்கை வேண்டும் என்கின்றன. மழைக்கு முன் மாநகராட்சி ஆபத்தான கட்டடங்களை வகைப்படுத்துகிறது. சி-1 என்றால் உடனே காலி செய்ய வேண்டியது. சி-3 என்றால் சிறு பழுது. விற்பவர் இவ்வெழுத்துகளை வாயிலிருந்து விடமாட்டார். நாமே கேட்க வேண்டும்.

ஆனால் வயது ஒன்றே அளவுகோல் அன்று. 2013 ஏப்ரல் 4-இல் தாணேயை அடுத்த ஷீல் பகுதியில் இடிந்து விழுந்து 74 உயிர்களைக் கொண்ட கட்டடம் முதுமையால் விழவில்லை. இசைவின்றி அவசரமாக எழுப்பப்பட்டுக்கொண்டிருந்தது. கட்டட இசைவும், குடியேறச் சான்றிதழும், நிலம் சங்கத்தின் பேரில் மாற்றப்பட்ட பத்திரமும் இல்லாத வீடு, நேற்றுக் கட்டியதாயினும் கிழ வீடே.

பராமரிப்பைப் பொறுத்தவரை, "மாதக் கட்டணம் மிகக் குறைவு" என்று தரகர் பெருமையாகச் சொன்னால் அங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்கு 0.75 விழுக்காடு பழுதுபார்ப்பு நிதிக்கும், குறைந்தது 0.25 விழுக்காடு மூழ்கு நிதிக்கும் சேர வேண்டும். கட்டுமானச் செலவு பத்து லட்சம் என்று கொண்டால், ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய். மாதத்துக்கு 830 ரூபாய்க்குச் சற்று மேல். காவலாள், மின்தூக்கி, தண்ணீர் எல்லாம் இதற்கப்பால். நான் பார்த்த சங்கம் ஒன்றில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 700 ரூபாய்தான் வாங்கினார்கள். கணக்குப் புத்தகத்தைக் கேட்டபோது செயலாளர் முகம் சிவந்தது. மூழ்கு நிதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. அங்கே வீடு வாங்குவோர் வீட்டின் விலையோடு முப்பது பேரின் பழைய கடனையும் வாங்குகிறார்கள்.

சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீடுகள் 99 ஆண்டுக் குத்தகையில் விற்கப்படுகின்றன. எத்தனை ஆண்டு கழிந்தது, எத்தனை எஞ்சியது என்பது வாங்குவோர் யாவருக்கும் தெரியும். இங்கே அப்படி எழுதிக் கொடுப்பாரில்லை. வெள்ளையடித்து விற்பார்கள், அதுவும் மே மாதத்தில்.

இப்போது நௌபாடாவில் ஒரு வீடு என் மனத்துக்குப் பிடித்திருக்கிறது. நான்கு மாடியில் மூன்றாவது; வயது 28; தணிக்கை அறிக்கை இருக்கிறது; நிலைப்படி புதையவில்லை. ஜூலையில் பெருமழை பெய்யும் ஒரு நாளில் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்த பிறகே முன்பணம் தருவேன் என்று தரகரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் வேறொருவர் வாங்கிவிடுவார் என்கிறார் அவர்.