தலையை ஆட்டினால் தீரும் தலைசுற்றல்

இரண்டாம் உலகப் போர்க் கால லண்டன். எழுந்து நிற்கவே பயப்படும் தலைசுற்றல் நோயாளிகளை உட்காரவைத்துத் தலையை மேலும் கீழும் ஆட்டச் சொல்கிறார்கள். பிறகு இடம் வலமாக. முதலில் மெதுவாக, போகப்போக வேகமாக. அது பழகியதும் கையில் ஒரு பந்து. அதைக் கண் மட்டத்துக்கு மேலே ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போட்டுப் பிடிக்க வேண்டும். குனிந்து முழங்காலுக்கு அடியில் கைமாற்ற வேண்டும். அப்புறம் அறையின் குறுக்கே நடை, கண்ணைத் திறந்துகொண்டு ஒரு தடவை, மூடிக்கொண்டு ஒரு தடவை. படி ஏறி இறங்க வேண்டும். குனிந்து, எட்டி, குறிபார்த்து எறியும் எந்த ஆட்டமானாலும் சரி, ஆட வேண்டும்.

பார்ப்பவர்களுக்கு இது வதையாகத்தான் தெரியும். ஆனால், டெரன்ஸ் காதார்ன் என்ற காது அறுவை மருத்துவர் ஒன்றைக் கவனித்திருந்தார். உட்செவியில் அறுவை செய்துகொண்டவர்களில், கட்டிலை விட்டுச் சீக்கிரம் எழுந்து நடமாடியவர்களே சீக்கிரம் தேறினார்கள். அவரும் எஃப். எஸ். கூக்ஸி என்ற உடலியக்க மருத்துவரும் சேர்ந்து, தலையில் அடிபட்டவர்களுக்காகவும் அறுவை முடிந்தவர்களுக்காகவும் இந்தப் பயிற்சிகளை வகுத்தார்கள். கூக்ஸியின் கட்டுரை 1946இல் வெளிவந்தது. ‘காதார்ன்–கூக்ஸி பயிற்சிகள்’ என்ற பெயரில் இன்றும் உலகெங்கும் பிசியோதெரபி அறைகளில் இவற்றைச் சொல்லித் தருகிறார்கள்.

நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். “பித்தம் தலைக்கேறிடுச்சு, அசையாம படு” என்பார்கள். ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு வரும். மறுநாளும் சுற்றினால் பி.பி. பார்ப்பார்கள், கழுத்தை எக்ஸ்ரே எடுப்பார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர் கழுத்தில் கொஞ்சம் எலும்புத் தேய்மானம் இல்லாமல் இருக்காது. பழி அதன்மேல் விழும், கழுத்துப் பட்டை வந்து சேரும். உண்மையான குற்றவாளி பல நேரங்களில் அதற்குச் சற்று மேலே, காதுக்குள் இருக்கிறான்.

ஒவ்வொரு காதின் உள்ளேயும், கேட்கும் உறுப்பை ஒட்டியே, மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக, மூன்று திசைகளில் அமைந்தவை. உள்ளே திரவம். தலை திரும்பும்போது குழாய் கூடவே திரும்பிவிடும். திரவம் ஒரு கணம் பின்தங்கும். அந்தப் பின்தங்கல், குழாயின் அடியில் உள்ள கூழ் போன்ற ஒரு தடுப்பை வளைக்கும். அதில் புதைந்திருக்கும் நுண்மயிர்கள் வளைவதுதான் மூளைக்குப் போகும் செய்தி. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இரண்டு காதுகளும் இடைவிடாமல் சமமாகத் துடித்துக்கொண்டே இருக்கின்றன. வலப்பக்கம் திரும்பினால் வலக்காதின் துடிப்பு கூடும், இடக்காதின் துடிப்பு குறையும். மூளை இந்த வித்தியாசத்தைத்தான் படிக்கிறது.

இப்போது வைரஸ் தொற்றால் ஒரு பக்கத்துச் சமநிலை நரம்பு வீங்கி ஊமையாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் அசையாமல் படுத்திருக்கிறார். ஆனால், ஒரு காது துடிக்கிறது, மறு காது துடிக்கவில்லை. தலை வேகமாகச் சுழல்கிறது என்றே மூளை முடிவு கட்டும். கண்கள் ஒரு பக்கமாக இழுபடும், அறை சுற்றும், வாந்தி வரும். ஆச்சரியம் என்னவென்றால், நரம்பு குணமாகாவிட்டாலும் சில நாட்களில் இந்தச் சுழற்சி அடங்கிவிடுகிறது. சிறுமூளையும் மூளைத்தண்டும் இரு பக்கக் கணக்கையும் திருத்தி எழுதிக்கொள்கின்றன. மிச்சமிருப்பது, தலையைத் திருப்பும்போது மட்டும் வரும் தடுமாற்றம். அசையாமல் கிடந்தால் அது போகாது. அதற்குத்தான் பயிற்சி.

ஏன் என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை. இந்தப் பக்கத்தைக் கையில் பிடித்து, தலையை அசைக்காமல் பக்கத்தை மட்டும் இடம் வலமாக வேகமாக ஆட்டுங்கள். எழுத்து கலைந்துவிடும். இப்போது பக்கத்தை அசைக்காமல் அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள். படிக்க முடிகிறது. தலை திரும்பும் செய்தி காதிலிருந்து கிளம்பி, மூன்றே நரம்பணுக்களைத் தாண்டி, ஒரு நொடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு நேரத்தில் கண் தசைகளை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. கண்ணால் பார்த்து, புரிந்து, துரத்துவதற்கு இதைப்போலப் பத்து மடங்கு நேரம் பிடிக்கும்.

இந்த ஏற்பாடு போய்விட்டால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சாட்சியம் உண்டு. காசநோய்க்குக் கொடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தால் இரண்டு காதுகளின் சமநிலை உணர்வையும் இழந்த மருத்துவர் ஒருவர், பெயரை வெளியிடாமல், 1952இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் தன் அனுபவத்தை எழுதினார். நாடித் துடிப்பால் தலை அசையும் அசைவே அவருக்கு எழுத்துகளைக் குலுக்கியது. தலையைக் கட்டிலின் கம்பிகளுக்கு இடையே அண்டக் கொடுத்துத்தான் அவரால் படிக்க முடிந்தது.

கனடாவில் மெல்வில் ஜோன்ஸ் குழுவினர் 1970களில் வேறொரு விபரீதம் செய்துபார்த்தார்கள். இடத்தை வலமாகக் காட்டும் பட்டகக் கண்ணாடிகளைத் தன்னார்வலர்கள் நாட்கணக்கில் கழற்றாமல் அணிந்தார்கள். தலை திரும்பும்போது கண் எதிர்ப்பக்கம் போவதுதானே வழக்கம்? நாளாக ஆக அந்த அசைவு சுருங்கி, கடைசியில் அதன் திசையே மாறத் தொடங்கியது. அனிச்சைச் செயல் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது, திருத்தி எழுதக்கூடிய பாடமாக இருந்தது. திருத்தச் சொல்லும் ஆசிரியர், விழித்திரையில் பிம்பம் வழுக்கும் அந்தப் பிழை.

பிசியோதெரபிஸ்ட் சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, அதையே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டச் சொல்வது இதனால்தான். எழுத்து லேசாகக் கலையத் தொடங்கும் வேகத்தில் ஆட்ட வேண்டும். துளியும் சுற்றவில்லை என்றால் பிழை இல்லை. பிழை இல்லையென்றால் மூளைக்குப் பாடமும் இல்லை. தாங்கக்கூடிய அளவுக்குச் சுற்ற வேண்டும், சற்று நேரத்தில் அடங்க வேண்டும். வாந்தி வரும்வரை ஆட்டுவது வீரம் அல்ல, அசட்டுத்தனம். தலைசுற்றலை மழுக்கும் மாத்திரைகளைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அவை பெரிய உபகாரம். மாதக்கணக்கில் விழுங்கினால், மூளை கற்க வேண்டிய பிழையையே அவை மறைத்துவிடுகின்றன. நிறுத்தலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இதெல்லாம் கற்றலால் தீரும் தலைசுற்றல். வெறும் புவியீர்ப்பால் தீரும் தலைசுற்றல் ஒன்று உண்டு. அதுதான் அதிகம் பேருக்கு வருவது. படுக்கையில் புரண்டால், பரண்மேல் இருப்பதை அண்ணாந்து எடுத்தால், சில நொடிகள் உலகமே சுழலும், அப்புறம் நின்றுவிடும்.

உட்செவியில் குழாய்களை ஒட்டிய ஒரு பையில், கிளிஞ்சல் ஓட்டில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட்டாலான நுண்படிகங்கள் ஒரு கூழ்ப்படலத்தின் மேல் பதிந்திருக்கின்றன. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே இருக்கும். தலை சாய்வதை உணர்த்துவது அவற்றின் எடை. வயதானாலோ தலையில் அடிபட்டாலோ சில படிகங்கள் கழன்று பக்கத்துக் குழாய்க்குள், பெரும்பாலும் பின்புறக் குழாய்க்குள், விழுந்துவிடுகின்றன. தலையைச் சாய்த்தால் அவை உருளும், திரவத்தை இழுக்கும், தலை சுழல்வதாக மூளைக்குப் பொய்த்தகவல் போகும்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனையை மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் இருவரும் 1952இல் விவரித்தார்கள். நோயாளியைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, தலை விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி பிடித்துக்கொள்வார்கள். முதல் சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு கருவிழி சுழன்று சுழன்று துடிக்கும். நோயாளி எதிரில் இருப்பவரின் கையை இறுகப் பற்றிக்கொள்வார். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கும். கண் துடித்த விதமே எந்தக் காது, எந்தக் குழாய் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

சோதனை கிடைத்தும் நெடுங்காலம் நல்ல சிகிச்சை கிடைக்கவில்லை. முற்றியவர்களுக்கு நரம்பை வெட்டும் அறுவைகூட நடந்தது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்து மருத்துவர் ஜான் எப்லி வேறு மாதிரி யோசித்தார். துகள் குழாய்க்குள் மிதக்கிறது என்றால், தலையைச் சரியான வரிசையில் சாய்த்தால் வந்த வழியே வெளியே உருட்டிவிடலாமே? திருவிழாக் கடைகளில் கண்ணாடி மூடிய சிறு பெட்டி கிடைக்கும்; சாய்த்துச் சாய்த்துக் குண்டைக் குழியில் விழவைக்க வேண்டும். எப்லியின் முறை ஏறக்குறைய அதுதான், பெட்டிக்குப் பதில் மனிதத் தலை. படுத்த நிலையில் தலையை மறுபக்கம் 90 பாகை திருப்பி, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ காத்திருந்து, உடலையும் புரட்டி முகத்தைத் தரை பார்க்கவைத்து, மறுபடி காத்திருந்து, எழுப்பி உட்காரவைப்பது. ஐந்து நிமிட வேலை. 1980இல் சக மருத்துவர்களிடம் அவர் இதை முன்வைத்தபோது நம்பியவர்கள் குறைவு. கட்டுரை அச்சேற 1992 ஆகிவிட்டது. இதற்கிடையே 1988இல் பிரான்சைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் அலென் செமோன் தன் குழுவுடன் வேறொரு புரட்டல் முறையை வெளியிட்டிருந்தார். 1992இலேயே கனடாவின் பார்ன்ஸ், மெக்ளூர் என்ற இரு மருத்துவர்கள், அறுவையின்போது குழாய்க்குள் அந்தத் துகள்களை நேரில் பார்த்ததாக எழுதினார்கள். சந்தேகத்துக்கு அதற்குமேல் இடமில்லை.

பெரும்பாலோருக்கு ஓரிரு முறை செய்தாலே சரியாகிவிடுகிறது. சிலருக்குத் திரும்ப வரும், திரும்பச் செய்துகொள்ளலாம். ஆனால், செல்போனில் வீடியோ பார்த்து, எந்தக் காது என்றே தெரியாமல் தலையை உருட்டாதீர்கள். துகள் இன்னொரு குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளக் கூடும். தலைசுற்றலோடு பேச்சு குளறினால், காட்சி இரண்டாகத் தெரிந்தால், கை கால் வலுவிழந்தால், பிடிக்காமல் நிற்கவே முடியாவிட்டால் அது பக்கவாதமாக இருக்கலாம். பயிற்சியெல்லாம் அப்புறம், முதலில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள்.

மற்றபடி, படுக்கையில் புரளும்போது மட்டும் சில நொடி சுற்றுகிறது என்றால், ஸ்கேனுக்குப் பணம் கட்டுமுன், கட்டிலில் சாய்த்துக் கண்ணைப் பார்க்கும் அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அந்தப் படிகங்கள் எந்த ஸ்கேனிலும் தெரியாது.