ஒளியும் உரோமமும்

கருநூலும் வெண்ணூலும் ஒருங்கே வெயிலிற் கிடப்பின் எது மிகுதியாகச் சூடேறும் என்று பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுச் சிறுவரை வினவினும், கருநூலே என்று விடை பகர்வர். கருமை ஒளியை உட்கொண்டு வெப்பமாக்கும். வெண்மை அதனைத் திருப்பி விடும். வேண்டாத உரோமத்தை லேசர் ஒளியாற் களையும் மருத்துவ முறை இவ்வெளிய உண்மையின்மேல் நிற்பதாம். அதன் நன்மையும் தீங்கும் இதனுள்ளேயே அடங்கியிருத்தலை ஈண்டு ஆராய்வாம்.

மேலுதட்டிலும் மோவாயிலும் உரோமம் அரும்பப் பெற்ற பெண்மக்கள் அடையும் மனத்துயர் சிறிதன்று. மஞ்சள் பூசிக் குளித்தல் நம் நாட்டுப் பழவழக்கம். நூலாற் பறித்தலும், மெழுகிட்டு உரித்தலும், மழித்தலும் உண்டு. இவற்றால் மயிர்க்கால் அழியாமையின் களைந்தது மீண்டும் முளைக்கும். 1875-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷேல் என்பார், கண்ணை உறுத்தும் இமைமயிரை நீக்குதற்பொருட்டு, மின்னோட்டம் பாயும் ஊசியை மயிர்க்காலிற் செலுத்தும் முறையை வெளியிட்டார். அஃது இன்றும் கையாளப்படுகின்றது. எனினும் ஒவ்வொரு மயிராகச் செய்ய வேண்டுதலின் நெடுங்காலம் பிடிக்கும். 1920-களில் அந்நாட்டு அழகு நிலையங்கள் சில எக்ஸ் கதிர்களைப் பயன்படுத்தின. உரோமம் உதிர்ந்தது உண்மையே. ஆனால் ஆண்டுகள் பல கழிந்தபின் அங்குச் சென்றார் பலர்க்குத் தோற்புண்ணும் புற்றுநோயும் தோன்றின. அழகை நாடுவார்க்கு இஃதோர் எச்சரிக்கையன்றோ?

லேசர் ஒளி எக்ஸ் கதிரின் இனத்ததன்று. 1960-ஆம் ஆண்டில் தியோடர் மைமன் என்னும் அறிஞர் செயற்கை மாணிக்கக் கல்லைக்கொண்டு முதல் லேசரை இயக்கினார். 1983-ஆம் ஆண்டில் ஆண்டர்சன், பாரிஷ் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், தக்க நிறமுள்ள ஒளியைத் தக்க சிறுபொழுது செலுத்தினால், சூழவுள்ள தசையை ஊறுபடுத்தாமல் குறித்த நிறப்பொருளை மட்டும் சுடவியலும் என்று விளக்கினர். மயிரிலுள்ள மெலனின் என்னும் கருநிறப்பொருள் ஒளியை உண்டு சூடேறுகின்றது. அச்சூடு மயிர்க்காலிற் பரவி, மீண்டும் முளைப்பிக்கும் உயிரணுக்களைச் சிதைக்கின்றது. நரைமயிருக்கு இம்முறை பயன்படாமைக்குக் காரணமும் இதுவே.

ஈண்டு ஒரு தடை எழுகின்றது. அந்த மெலனின் மயிரில் மட்டுமன்று, நம் தோலிலும் உளது. ஒளி மயிரை அறியாது, கருமையையே அறியும். ஆகவே, வெண்ணிறத்தார்க்கு ஏற்ற கருவி மாநிறத்தார் தோலைச் சுட்டுக் கொப்புளமும் வடுவும் உண்டாக்கக்கூடும். மாணிக்க லேசரின் ஒளியலை நீளம் 694 நானோமீட்டர், அலெக்சாண்டிரைட் 755, டையோடு ஏறத்தாழ 810, நியோடிமியம் யாக் 1064. அலை நீளுந்தோறும் மெலனின் ஒளியை உட்கொள்ளுதல் குறையும். ஒளியும் மேற்றோலைக் கடந்து ஆழச் செல்லும். ஆதலின் கருநிறத் தோலினர்க்கு 1064 நானோமீட்டர் ஒளியே பெரிதும் தீங்கற்றதெனக் கொள்ளப்படுகின்றது. மேற்றோலைக் குளிர்வித்துக்கொண்டே ஒளி பாய்ச்சுதலும் இதுபற்றியே. ஐ.பி.எல். எனப்படும் விளக்கொளி ஒரே அலையினதன்று. பல அலைகள் கலந்தது. ஆதலின் கருந்தோலில் அதனை இன்னும் விழிப்போடு கையாளல் வேண்டும்.

இனி, ஒரே முறையில் உரோமம் ஒழியுமோ எனின், ஒழியாது. மயிர்க்கு வளர்பருவம், மாறுபருவம், ஓய்வுப்பருவம் என மூன்று பருவங்கள் உள. வளர்பருவத்து மயிரே ஒளிக்கு நன்கு இலக்காகும். ஆகலின் நான்கு முதல் எட்டு வாரங்கட்கு ஒருமுறையாகப் பன்முறை செய்தல் வேண்டும். அதன் பின்னரும் மெல்லிய உரோமம் சில முளைக்கலாம். இந்தியத் தோல் மருத்துவர் சங்கத்தார் 2008-இல் வெளியிட்ட நெறிமுறை இதனை உரோமக் ‘குறைப்பு’ என்றே குறித்தது. எனவே, ‘என்றும் முளையாது’ என உறுதி கூறும் விளம்பரத்தை நம்புதல் தகாது. முகத்திற் சிலர்க்கு உரோமம் முன்னினும் மிகுதலும் உண்டு.

மற்றொன்றும் மறத்தற்குரியதன்று. பெண்கள் முகத்தில் உரோமம் திடீரென மிகுதல், மாதவிடாய் தவறுதலோடு கூடியிருப்பின், சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு போன்றதோர் உள்நோயின் அறிகுறியாகலாம். அந்நோயை ஆராயாது உரோமத்தை மட்டும் சுடுதல், வேரை விட்டுக் கிளையை வெட்டுதலாம்.

ஆதலின் இம்மருத்துவத்தை விரும்புவோர் முதற்கண் தகுதிவாய்ந்த தோல் மருத்துவரை அடைக. கருவி யாது, அதன் அலைநீளம் எத்துணை, நம் நிறத்தார்க்கு அதனைக் கையாண்ட பழக்கம் உண்டோ, எத்தனை முறை வேண்டும், மொத்தச் செலவு யாது என வினவுக. முதலிற் சிறிதிடத்தில் ஒளி பாய்ச்சிச் சோதித்தலை வேண்டுக. கண்ணுக்குக் காப்பின்றி ஒளிமுன் இருத்தலாகாது. வெயிலிற் கருத்த தோலோடு செல்லற்க. செல்லுமுன் மழிக்கலாம், பறித்தல் கூடாது, பறித்தால் ஒளியை ஏற்கும் மயிர் ஆங்கு இராது. இவை கேட்டறிந்தபின் வேண்டாவென விடுதலும் அவரவர் உரிமையே. உரோமம் உடையாரை எள்ளாதிருத்தலோ நம் அனைவர்க்கும் கடனாம்.