உஷார்! டிராக்டர் ஒன்று, மேனுவல் வேறொன்று

பகாவ், ரொம்பின், கெமஞ்சே, லிங்கி வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் மினி டிராக்டர் ஓட்டுகிறவர்களும் பட்டறை ஃபிட்டர்களும் இதைப் படித்துவிட்டு ஸ்பேனரைத் தொடுங்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப்-ஐ நம்பிப் போல்ட் முடுக்கவே முடுக்காதீர்கள்!

முதல் கண்ணி, மாடல். ஜப்பானில் ஓடிக் களைத்த குபோட்டா, யன்மார், இசேகி வண்டிகள் புதுப் பெயிண்ட் பூசி ‘ரீகண்டிஷன்’ என்று விலைக்கு வருகின்றன. ஜப்பான் உள்நாட்டுக்கென்றே செய்த வண்டிகள் இவற்றில் உண்டு. மேலே பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே எல்லாம் ஒன்றல்ல. அமெரிக்காவில் இதற்காக வழக்கே நடந்தது. அங்கு விற்கும் மாடல்களிலிருந்து மாறுபட்ட பழைய குபோட்டாக்களை இறக்கக் கூடாது என்ற தடையை 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. பி.டி.ஓ. வேகம், கட்டமைப்பின் உறுதி, சக்கர இடைவெளி, எச்சரிக்கை லேபிளின் மொழி எனப் பல வேறுபாடுகள் அந்த வழக்கில் அடிபட்டன. ஏற்றுமதி மாடலுக்கு எழுதிய புத்தகத்தை இந்த வண்டிக்குப் பார்த்தால் வினைதான்.

இரண்டாவது கண்ணி, அலகு. பழைய ஜப்பான் புத்தகங்களில் முறுக்கு விசை கேஜிஎஃப்-மீட்டரில் இருக்கும். வேறு சிலவற்றில் நியூட்டன்-மீட்டர், இன்னும் சிலவற்றில் ஃபுட்-பவுண்ட். தலையில் 7 என்று குத்திய எம்10 போல்ட்டுக்குக் குபோட்டாவின் பொது அட்டவணை சொல்வது 48 முதல் 55.9 நியூட்டன்-மீட்டர், அதாவது 4.9 முதல் 5.7 கேஜிஎஃப்-மீட்டர். டார்க் ரெஞ்சில் ஃபுட்-பவுண்ட் பக்கத்தில் 50 வைத்து முடுக்கினால் போல்ட்டில் விழுவது 68 நியூட்டன்-மீட்டர்! மரை பிய்ந்துவிடலாம், இல்லையென்றால் போல்ட் இழுபட்டு, மேட்டில் குலை ஏற்றிப் போகும்போது காலை வாரலாம். சக்கர நட், சிலிண்டர் ஹெட், கவிழ்வுக் காப்புச் சட்டம் இவற்றுக்குப் பொது அட்டவணை போதாது. தனி எண் இருந்தால் அதுதான் கணக்கு. மரையில் எண்ணெய் தடவச் சொல்லாத இடத்தில் தடவாதீர்கள். உராய்வு குறைந்து, அதே எண்ணுக்குப் போல்ட் கூடுதலாக இழுபடும்.

என்ன செய்யலாம்?

• வண்டித் தகட்டிலும் இன்ஜினிலும் உள்ள மாடல், சேஸி எண், இன்ஜின் எண் மூன்றையும் படம் பிடித்து வையுங்கள். மேனுவலின் முதல் பக்கத்தில் அதே மாடலும் வரிசை எண் வரம்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

• ஓட்டுநர் கையேடு, பாகப் பட்டியல், ஒர்க்‌ஷாப் மேனுவல் மூன்றும் வேறு வேறு. பழுது பார்க்க வேண்டியது மூன்றாவதை வைத்து.

• அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் இன்ஜின் எண்ணைக் கொடுத்துச் சரியான மேனுவலைக் கேளுங்கள். காசு கட்டி பிடிஎஃப் இறக்கும் முன் மாதிரிப் பக்கம் கேளுங்கள். அட்டைப்படம் மட்டும் காட்டினால் விலகிவிடுங்கள்.

• டார்க் ரெஞ்சை ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது 5,000 முடுக்குக்கு ஒருமுறை, அளவு சரிபாருங்கள்.

தோட்ட நிர்வாகமும் உஷாராக இருக்க வேண்டும். மலேசியாவின் 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, வேலைக்கான இயந்திரத்தை இறக்குபவரும் விற்பவரும் பாதுகாப்பாகப் பயன்படுத்தப் போதிய தகவல் தர வேண்டும். ஆகவே வாங்கும்போதே மேனுவலையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். “அப்புறம் அனுப்புறேண்ணே” என்று இழுக்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.