ஊர் ஊராய் உருண்ட பந்து

மாலை ஐந்தரை மணி. ஜெலாப்பாங்கில் மழை விட்டுச் சற்று நேரம்தான் ஆகியிருக்கிறது. அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் உள்ள திடலில் சேறு இன்னும் காயவில்லை. பையன்கள் அதற்கெல்லாம் காத்திருப்பார்களா? நான்கு சிலிப்பர்களை வைத்துக் கோல் கம்பம் ஆக்கிவிட்டார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டது. வாசலில் நின்று ஒரு தாய் கூப்பிடுகிறாள்:

"டேய், பந்தா உனக்குச் சோறு போடப் போவுது? வந்து புத்தகத்தை எடுடா!"

வாசகர்களே, இந்தக் குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஏன், நீங்களே கொடுத்தும் இருப்பீர்கள். தாயின் கேள்வி நியாயமான கேள்விதான். பந்து சோறு போடுமா? போடும் என்றால் எந்த ஊரில்? எத்தனை நாளைக்கு?

இதற்கு வெறும் வாய்ப்பேச்சில் பதில் சொல்லிப் பயனில்லை. பந்தை நம்பியே வாழ்ந்த ஒருவரின் கதையைப் பார்ப்போம். அவர் ஸ்பெயின் நாட்டுக்காரர். ஆனாலும் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். 2013-ஆம் ஆண்டு சூப்பர் லீக்கில் நம் பேராக் அணி ஆடிய அதே பருவத்தில், ஜொகூர் டாருல் தக்சிம் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடியவர். பெயர் டானி குவீசா.

திராட்சைத் தோட்டத்து ஊர்

ஸ்பெயினின் தென்கோடியில் அந்தலூசியா என்றொரு மாநிலம். அங்கே ஹெரெஸ் என்ற ஊர். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். 'செர்ரி' என்று உலகம் முழுவதும் விற்கிறார்களே ஒரு மது, அதற்குப் பெயர் வந்ததே இந்த ஊரால்தான். பெருநிலம் சிலர் கையில் இருக்க, சொந்த மண் இல்லாதவர்கள் நாட்கூலிக்குப் போய்ப் பிழைத்த வட்டாரம் அது. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பயிர்தான் வேறு, வாழ்க்கை ஒன்றுதான்.

இந்த ஊரில் 1980-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் நாள் பிறந்தவர் குவீசா. சொந்த ஊர்க் கழகமான ஹெரெசில்தான் ஆட்டத்தைத் தொடங்கினார். 1999-இல் மயோர்க்கா தீவுக் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அதோடு அதிர்ஷ்டக் கதவு திறந்துவிட்டது என்று நினைத்தால் அதுதான் தவறு.

பெரிய அணியில் அவருக்கு இடம் கிடைத்தது அபூர்வம். இரண்டாம் அணியில் ஆட வைத்தார்கள். பிறகு சிறு கழகங்களுக்கு இரவலாக அனுப்பினார்கள். ஒரு தோட்டத்து ஆளைப் பக்கத்து டிவிஷனுக்கு மாற்றி அனுப்புவது போலத்தான் இதுவும். போக மாட்டேன் என்றால் வேலை இல்லை. 2002-இல் பார்சலோனாவுக்குப் போனார். பெயரைக் கேட்டால் பிரமிப்பாக இருக்கும். ஆனால் அங்கும் இரண்டாம் அணிதான். அதையும் விட்டு 2003-இல் இரண்டாம் பிரிவில் ஆடிய சியூதாத் தெ முர்சியா என்ற சிறு கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

கணக்குப் பாருங்கள். வயது 23. அதற்குள் ஐந்தாறு கழகங்களின் சட்டை மாறிவிட்டது. முதற்பிரிவில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. "இவன் தேற மாட்டான்" என்று சொல்ல இதைவிட நல்ல சமயம் வேறு ஏது? ஆனால் குவீசா ஆட்டத்தை விடவில்லை. முர்சியாவில் கோல்கள் குவிந்தன. 2005-இல் மாட்ரிட் நகருக்குத் தெற்கே உள்ள ஹெதாஃபே கழகம் அவரை முதற்பிரிவுக்குத் தூக்கிக்கொண்டது.

ஹெதாஃபே பெரிய கழகம் அன்று. 2007-ஆம் ஆண்டு அரசர் கிண்ண அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பார்சலோனாவிடம் 5-2 என்று தோற்றது. இரண்டாம் ஆட்டத்தை ஒப்புக்குத்தான் ஆட வேண்டும் என்று எல்லாரும் எண்ணினார்கள். மே 10-ஆம் நாள் நடந்தது என்ன தெரியுமா? ஹெதாஃபே 4-0 என்று வென்று பார்சலோனாவை வெளியே அனுப்பியது! அந்த நான்கில் இரண்டு குவீசா போட்டவை. சில ஆண்டுகளுக்கு முன் தன்னை இரண்டாம் அணியிலேயே வைத்திருந்த கழகத்துக்கு அவர் சொன்ன மறுமொழி அது.

இருபத்தேழில் இருபத்தேழு

அதே 2007-இல், முன்பு இடம் கொடுக்காத மயோர்க்காவே அவரை மீண்டும் விலை கொடுத்து வாங்கியது. குவீசாவுக்கு அப்போது 27 வயது. அந்தப் பருவத்தில் அவர் லீக்கில் போட்ட கோல்களும் 27!

ரியால் மாட்ரிட், பார்சலோனா என்று பெரிய பெரிய கழகங்கள் ஆடும் லீக்கில், மயோர்க்கா என்ற தீவுக் கழகத்து ஆட்டக்காரரை எவரும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. அதிகக் கோல் போட்டவருக்கு வழங்கும் 'பிச்சிச்சி' விருது அவருக்கே கிடைத்தது.

முன்னணி ஆட்டக்காரரின் வேலை எளிது என்று சிலர் நினைக்கிறார்கள். வந்த பந்தை உதைத்தால் கோல் என்பது அவர்கள் கணக்கு. அப்படி அன்று. தொண்ணூறு நிமிடத்தில் அவர் காலில் பந்து இருப்பது மிகச் சில நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் ஓட்டம், ஒளிவு, காத்திருப்பு. தற்காப்பு ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னே நழுவ வேண்டும். ஓர் அடி முந்தினால் 'ஆஃப்சைட்' விசில் ஊதிவிடும். ஓர் அடி பிந்தினால் பந்து போய்விடும். பால் மரத்தில் கத்தி போடுவதும் அப்படித்தானே? ஆழம் குறைந்தால் பால் இல்லை, கூடினால் மரத்துக்குக் காயம். அந்த நுணுக்கம் ஒரு நாளில் கைக்கு வருவதில்லை. குவீசாவின் காலுக்கு அது படிய இருபத்தேழு வயது வரை ஆயிற்று.

தவறிய உதை

2008-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டிக்கு ஸ்பெயின் அணியில் குவீசாவும் இருந்தார். ஜூன் 22-ஆம் நாள் வியன்னாவில் இத்தாலியுடன் கால் இறுதி. கூடுதல் நேரம் முடிந்தும் இருபுறமும் கோல் இல்லை. பினால்டி உதைகளில் முடிவு காண வேண்டிய நிலை. ஸ்பெயினின் முதல் மூவரும் கோல் போட்டுவிட்டார்கள். நான்காவதாக நடந்து வந்தவர் குவீசா. எதிரே கோல் காவலர் புஃபோன். உதைத்தார். புஃபோன் பாய்ந்து தடுத்துவிட்டார்!

நாட்டு மக்கள் அனைவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவன் தவறினால் அவன் மனம் என்ன பாடுபடும்? நல்ல வேளை, ஸ்பெயின் கோல் காவலர் காசியாஸ் அடுத்த உதையைத் தடுத்தார். பாப்ரிகாஸ் என்ற இளைஞர் கடைசி உதையைக் கோலாக்கினார். ஸ்பெயின் பிழைத்தது.

நான்கே நாள் கழித்து அதே வியன்னாவில் ரஷ்யாவுடன் அரையிறுதி. பயிற்சியாளர் அரகோனேஸ் பினால்டியைத் தவறவிட்டவரை ஒதுக்கி வைக்கவில்லை. இரண்டாம் பாதியில் இறக்கிவிட்டார். சில நிமிடங்களில் பாப்ரிகாஸ் தூக்கிக் கொடுத்த பந்தை, முன்னேறி வந்த கோல் காவலரின் தலைக்கு மேலே தட்டி வலைக்குள் போட்டார் குவீசா. ஸ்பெயின் 3-0 என்று வென்றது. ஜூன் 29-இல் ஜெர்மனியை 1-0 என்று வீழ்த்தி, 44 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்பெயின் ஐரோப்பியக் கிண்ணத்தை ஏந்தியது. அந்த இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களிலும் குவீசா திடலில் இருந்தார்.

பெற்றோர்களே, பரீட்சையில் ஒரு பாடம் தவறிய பிள்ளையைப் பார்க்கும்போது இந்த நான்கு நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். தவறியவன் மீண்டும் உதைக்க ஒருவர் இடம் கொடுத்தார். அந்த இடம் கிடைத்திராவிட்டால் இந்தக் கதையே வேறு.

துருக்கி, ஜொகூர், பராகுவே

உச்சியில் எவரும் வீடு கட்டிக் குடியிருக்க முடியாது. 2008-இல் துருக்கியின் பெனர்பாச்சே கழகம் பெரும் தொகை கொடுத்துக் குவீசாவை இஸ்தான்புல் நகருக்கு அழைத்தது. மூன்று பருவங்கள் அங்கே ஆடினார். ஆனால் 27 கோல் போட்ட அந்த மயோர்க்காப் பருவம் திரும்பவே இல்லை. 2009-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போட்டியில் ஸ்பெயினுக்காக இரண்டே நிமிடத்தில் இரண்டு கோல் போட்டு வியக்க வைத்தார். ஆயினும் 2010-இல் ஸ்பெயின் உலகக் கிண்ணத்தை வென்றபோது அந்த அணியில் அவர் இல்லை. இரண்டு ஆண்டுகளில் காற்று எப்படித் திரும்பிவிடுகிறது பாருங்கள்!

2011-இல் மீண்டும் ஹெதாஃபே. 2013 பருவத்துக்கு ஜொகூர். ஐரோப்பிய வெற்றி வீரர் நம் நாட்டு லீக்கில் ஆடுகிறார் என்றதும் லார்க்கின் அரங்கில் கூட்டம் கூடியது. ஆனால் நம் ஊர் வெயிலும் புழுக்கமும் அவருக்கு நீண்ட நாள் ஒத்துவரவில்லை போலும். அந்த ஆண்டு முடியுமுன்பே பராகுவே நாட்டின் செர்ரோ போர்த்தேனியோ கழகத்துக்குப் போய்விட்டார். ஆண்டின் பிற்பாதியில் அந்தக் கழகம் தோல்வியே காணாமல் வாகை சூடியது.

பிறகுதான் நெஞ்சைத் தொடும் பகுதி வருகிறது. 2015-இல் குவீசா தாயகம் திரும்பினார். பெரிய கழகம் எதற்கும் அல்ல. சொந்த ஊருக்குப் பக்கத்தில், ஈப்போவுக்குக் கம்பார் இருக்கும் தொலைவில் உள்ள காடிஸ் கழகத்துக்கு. அது அப்போது மூன்றாம் படியில் கிடந்தது. மறு ஆண்டே இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. அதன் பின் இன்னும் பக்கத்தில் உள்ள சன்லூக்கார் ஊர்க் கழகத்தில், நாற்பது வயதைத் தொடும் வரை ஆடினார். உலகம் சுற்றிய பந்து கடைசியில் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது.

கழகமும் தோட்டமும்

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்.

நம்மவர்களிலும் புகழ் பெற்ற ஆட்டக்காரர்கள் உண்டு. 1972-இல் மூனிக் ஒலிம்பிக்கில் மலேசிய அணிக்குத் தலைமை ஏற்றவர் எம். சந்திரன். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய கோல் காவலர் ஆர். ஆறுமுகம். 2010-இல் ஆசியான் கிண்ணத்தை மலேசியாவுக்கு முதன்முறையாக வென்று தந்த பயிற்சியாளர் கே. ராஜகோபால். ஆனால் சந்திரனும் ஆறுமுகமும் ஆடிய காலத்தில் ஆட்டம் வேறு, வேலை வேறு. பகலில் வேலை, மாலையில் பயிற்சி. 1989-இல் பகுதிநேரத் தொழில்முறை லீக் வந்தது. 1994-இல் முழுத் தொழில்முறை ஆயிற்று. அன்றிலிருந்துதான் பந்தே வேலை என்ற நிலை நம் நாட்டில் வந்தது.

வேலை என்றால் சம்பளம் வேண்டும். அங்கேதான் சிக்கல். கழகங்களும் தோட்டங்களைப் போலத்தான், வாசகர்களே. குவீசாவுக்கு வாழ்வு கொடுத்த சியூதாத் தெ முர்சியா 2007-இல் விற்கப்பட்டு வேறு ஊருக்குப் பெயர்ந்துவிட்டது. இன்று அது இல்லை. தோட்டத் துண்டாடலைப் பார்த்தவர்கள் நாம். லயம் இருந்த இடத்தில் தாமான் எழுந்ததைக் கண்டவர்கள். நமக்கு இது புதிதா? மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் பிறந்த அணி பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக் வரை உயர்ந்து, 2022-க்குப் பின் லீக்கை விட்டு விலகியது. 2018-இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற நம் பேராக் கழகமும் பணமுடையால் 2025-இல் சூப்பர் லீக்கை விட்டு விலகியது. சம்பளப் பாக்கி என்பது நம் நாட்டுக் கழகங்கள் பலவற்றைப் பிடித்த பழைய நோய்.

ஆகவே பையனுக்குத் திறமை இருந்தால் தடுக்காதீர்கள். ஆனால் மூன்று விஷயங்களை மனத்தில் வையுங்கள். ஒன்று: பள்ளிப் படிப்பை விட்டுவிட்டுப் பந்தின் பின்னால் ஓட விடாதீர்கள். புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியிலும் கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமியிலும் படிப்பும் பயிற்சியும் சேர்ந்தே நடக்கின்றன. இரண்டு: எந்தக் கழகம் அழைத்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். எத்தனை மாதம், எவ்வளவு சம்பளம், காயம்பட்டால் யார் செலவு என்பதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து. தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் இருப்பது போல ஆட்டக்காரர்களுக்கும் தொழில்முறைச் சங்கம் இந்நாட்டில் உண்டு. சம்பளப் பாக்கிக்கு அது வழக்காடுகிறது. மூன்று: பதினெட்டில் பெயர் வரவில்லை என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். குவீசாவுக்கு வந்தது இருபத்தேழில்.

பந்து சோறு போடுமா? போடும். ஆனால் ஊர் ஊராகப் போய்த்தான் உண்ண வேண்டும். சில காலம்தான் போடும். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்து, தோட்டம் தோட்டமாக மாறிப் பிழைத்தவர்கள். வேலை இருக்கும் இடத்துக்குப் போவது நமக்கு இழுக்கல்ல. கையில் தொழிலும் தலையில் படிப்பும் இருந்தால் போகிற ஊரெல்லாம் நம் ஊர்தான்.

ஜெலாப்பாங் திடலில் பொழுது சாய்ந்துவிட்டது. பந்து கண்ணுக்குத் தெரியாத இருட்டு. சேறு படிந்த காலோடு பையன் வீடு திரும்புகிறான். அம்மா, திட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்: "இன்னைக்கு எத்தனை கோல் போட்டே?" பிறகு கால் கழுவச் சொல்லிப் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுங்கள். அவனுக்கு இரண்டுமே வேண்டும்.