பூங்காவில் ஆடும் கோல்ஃப்

கோல்ஃப் என்றால் ஜாகிர் ஹுசேன் மார்க்கில் மதிலுக்கு அப்பால் நடக்கும் பெரிய மனிதர்களின் ஆட்டம். கோல் மார்க்கெட் வாசிகளான நமக்கு அதனுடன் பெயரில் மட்டுமே உறவு! ஆனால் மட்டை, பந்து, சந்தா எதுவுமின்றிப் பொதுப் பூங்காவிலேயே ஆடும் கோல்ஃப் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பிள்ளைகளிடம் போய் வந்த சங்க அன்பர்கள் சிலர் பார்த்திருக்கலாம்: மரங்களுக்கிடையே இரும்புக் கம்பம், அதில் தொங்கும் சங்கிலிகள், அடியில் ஒரு கூடை. இதற்கு 'டிஸ்க் கோல்ஃப்' என்று பெயர்.

பிரிஸ்பி போன்ற தட்டைக் கூடையை நோக்கி வீச வேண்டும். விழுந்த இடத்திலிருந்து அடுத்த வீச்சு. 9 அல்லது 18 கூடைகளையும் குறைந்த வீச்சுகளில் முடிப்பவருக்கு வெற்றி. கூடைக்கு 10 மீட்டருக்குள் வந்தபின், வீசிய வேகத்தில் தடுமாறி முன்னே கால் வைக்கக் கூடாது. நம் வயது முழங்கால்களுக்கு இந்த விதிதான் சற்றுச் சிரமம்.

இந்த ஆட்டத்துக்கு உருவம் கொடுத்தவர் எட் ஹெட்ரிக். பிரிஸ்பி தயாரித்த வாம்‑ஓ நிறுவனத்தில் இருந்தவர். 1975‑ல் லாஸ் ஏஞ்சலீஸ் அருகே ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தார். அப்போது வெறும் கம்பங்களே இலக்கு. தட்டு கம்பத்தில் பட்டதா, படவில்லையா என்று ஓயாத தகராறு. அதற்குத் தீர்வாக வந்ததே சங்கிலிக் கூடை. ரயில் பெட்டியின் பஃபர் மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்வதுபோல, தளர்வாகத் தொங்கும் சங்கிலி தட்டின் வேகத்தை வாங்கிக்கொண்டு அதைக் கூடையில் போட்டுவிடுகிறது. கூடவே 'சலங்' என்ற சத்தம், தகராறுக்கு இடமில்லை. ஹெட்ரிக் 2002‑ல் காலமானபோது, அவர் விருப்பப்படியே அஸ்தியைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். நமக்குக் கங்கை, அவருக்குப் பிளாஸ்டிக்!

சென்ற முறை மகன் வீட்டில் தங்கியிருந்தபோது பேரனுடன் ஆடினேன். அவன் தமிழ் நாலு வார்த்தையில் நின்றுவிடும். அவன் ஆங்கில வேகம் எனக்குப் பிடிபடாது. மூன்றாவது கூடையில், "தாத்தா, ஏன் எப்பவும் லெஃப்டுல போகுது?" என்றான். அதன்பின் பேச்சு நிற்கவில்லை.

வலக்கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசினால், மேலிருந்து பார்க்கையில் தட்டு கடிகார முள் திசையில் சுழலும். வேகம் குறைகையில் காற்று அதன் முன்விளிம்பை மேலே தூக்கப் பார்க்கும். சுழலும் பொருளோ தள்ளிய இடத்தில் எழாது. சுழலும் திசையில் கால் சுற்று தள்ளியே எழும். அதாவது வலது விளிம்பு எழுகிறது, தட்டு இடப்பக்கம் சரிகிறது. பம்பரம் தலையாட்டுவதும் இதே காரணத்தால்தான். அவன் பம்பரம் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து மேஜைமேல் ஒரு நாணயத்தைச் சுழற்றிக் காட்டினேன்.

நம் பேட்டைப் பூங்காக்களில் பந்தாடும் பிள்ளைகளை விரட்டுகிறார்கள். பெரியவர்கள் பெஞ்சில் தனியே அமர்ந்திருக்கிறார்கள். இந்த ஆட்டத்துக்கு இரு தரப்பும் வேண்டும். மரங்களே தடைகள் என்பதால் ஒன்றையும் வெட்ட வேண்டியதில்லை. ஆனால் ஞாயிறு காலை தால்கடோரா தோட்டத்தில் நடப்பவர்கள் நடுவே வீசக் கூடாது. தொலைவு வீசும் தட்டு சுமார் 175 கிராம், விளிம்பும் கூர்மை, பட்டால் காயம்தான். ஆள் நடமாட்டமில்லாத மதிய வேளையில், கடைகளில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டும், மரத்தடியில் ஒரு பழைய வாளியும் வைத்துத் தொடங்கலாம். முதல் வாளி இருபதடிக்குள் இருக்கட்டும்.