அரக்குக் கடைசல் குங்குமச் சிமிழ்
சென்னபட்டணம், கர்நாடகம்
வெட்பாலை மரம், அரக்கு

தந்தம்போல் வெளுத்த, நெருங்கிய இழையுள்ள வெட்பாலைக் கட்டை, மாதக்கணக்கில் காய்ந்த பிறகே கடைசலுக்கு வரும். ஈரம் தங்கினால் கடைந்தபின் சுருங்கி வட்டம் கோணும், மூடி சிக்கிக்கொள்ளும்.

முதலில் மூடியின் உட்புறத்தைக் குடைவர். பிறகு சிமிழின் கழுத்தை மயிரிழை அளவாகச் சீவி, மூடியைப் பொருத்திப் பொருத்திப் பார்த்து முடிப்பர். உள்ளே பாருங்கள்: அரக்குப் படாத இடத்தில் உளி சுற்றிய வரிகள் தெரியும்.

வெளியே உள்ள நிறம் தூரிகையால் தீட்டியதன்று. சுழலும் மரத்தில் வண்ண அரக்குக் குச்சியை அழுத்த, உராயும் சூட்டில் அரக்கு உருகிப் பற்றும். தாழை ஓலையால் அழுத்தித் தேய்க்க, அது சீராகப் பரவிப் பளபளப்பு ஏறும்.